காய்கனியில் குடும்பத்தாரின் ஹக்கு

 

வடசென்னையில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியை அறியாதார் இல்லை. மாலை வேளையில் நோயாளிகளைப் பார்க்கச் செல்வோரின் கையில் என்ன இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு பையில் நாலு ஆப்பிள், நாலு சாத்துக்குடி, ஒரு சீப்பு வாழைப்பழம். நோயாளியை நலம் விசாரிப்பது ஸுன்னத். வெறுங்கையோடு போகாதிருப்பதும் நல்ல வழக்கமே. ஆனால் அந்தப் பையைத் தூக்கிச் செல்லும் நம் சகோதரர், தம் சொந்த வீட்டிற்கென்று கடைசியாகப் பழம் வாங்கியது எப்போது? கேட்டுப் பாருங்கள், சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார். பழம் என்றால் படுத்தவருக்கு, அல்லது வீடு தேடி வந்த விருந்தாளிக்கு. எழுந்து நடமாடுகிறவருக்குச் சோறும் ஆணமும் போதும் என்பது நம்மிடையே எழுதப்படாத சட்டமாகி விட்டது.

இந்தச் சட்டத்தை நமக்கு யார் தந்தார்கள்? மார்க்கம் தரவில்லை. மனிதன் தன் உணவைக் கவனித்துப் பார்க்கட்டும் என்று 'அபஸ' அத்தியாயத்தில் அல்லாஹ் சுப்ஹானஹு வதஆலா அழைக்கிறான். வானிலிருந்து மழை பொழிவதையும் பூமி பிளப்பதையும் சொல்லிவிட்டு, அதிலிருந்து முளைப்பவற்றைக் கணக்கிடும்போது தானியத்தோடு நிறுத்திவிடவில்லை. திராட்சை, பசுங்காய், ஒலிவம், பேரீச்சை, அடர்ந்த தோட்டங்கள், கனிகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். 'அன்ஆம்' அத்தியாயத்தின் 141-ஆம் வசனத்திலோ மூன்று கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: பழுத்ததும் அதன் கனியை உண்ணுங்கள் என்பது ஒன்று, அறுவடை நாளில் அதன் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்பது மற்றொன்று, விரயம் செய்யாதீர்கள் என்பது மூன்றாவது. உண்பதும் கொடுப்பதும் ஒரே வசனத்தில் இணைந்து நிற்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் அதற்குத் திரும்பி வருவோம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் ஸஹனில் என்ன இருந்தது? தையற்காரர் ஒருவர் அவர்களை விருந்துக்கு அழைத்த செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வைக்கப்பட்டன. இறைச்சியும் கிடந்த அந்தப் பாத்திரத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் விரல்கள் ஓரமெல்லாம் தேடியது சுரைக்காயை! அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிரியமாகிவிட்டது என்று அனஸ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். பேரீத்தம்பழத்தோடு வெள்ளரிக்காயைச் சேர்த்து உண்டார்கள் என்பதும் ஸஹீஹான செய்தியே. இன்று நம் வீட்டில் சுரைக்காய் சமைத்தால் முகம் சுளிப்பவர் எத்தனை பேர்! எந்த உணவையும் குறை கூறாத நபியின் உம்மத், "வேறொன்றும் கிடைக்கவில்லையா?" என்று மனைவியைக் கேட்கிறது.

நிக்காஹ் விருந்துகளில் இன்னொரு வேடிக்கை. காய்கறிப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் பனூ இஸ்ராயீல் கதையைச் சொல்லிச் சிரிப்பார். மன்னும் ஸல்வாவும் இறங்கிக்கொண்டிருக்க, கீரையும் வெள்ளரியும் பருப்பும் வெங்காயமும் வேண்டும் என்று மூஸா (அலை) அவர்களிடம் கேட்டு ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள்தாமே, ஆகவே பிரியாணியே சிறந்தது என்பது அவர் வாதம். ஏச்சு விழுந்தது வெள்ளரிக்காயின் மேல் அல்ல; கொடுத்த ரிஸ்கைச் சலித்துக்கொண்ட நன்றிகெட்ட நாவின் மேல். அந்தப் பந்தியில் காய் என்று பார்த்தால் தயிர் வெங்காயமும், எண்ணெயில் மிதக்கும் கத்திரிக்காயும்தாம் இருக்கும். அவற்றையும் பாதிப்பேர் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இனி மருத்துவ அறிஞர்கள் சொல்வதைப் பார்ப்போம். வயது வந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் கனியும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பங்கு ஒன்றுக்கு 80 கிராம் வீதம் ஐந்து பங்கு. நடுத்தரமான ஒரு வாழைப்பழம் ஒரு பங்கு. வெந்த காய் ஏறத்தாழ அரைக் குவளை ஒரு பங்கு. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இந்தக் கணக்கில் சேரமாட்டா என்பதைப் பலர் அறிவதில்லை. உருளைக்கிழங்கு வறுவலைக் காய் என்று எண்ணித் திருப்திப்படும் வீடுகள் இதைக் குறித்துக் கொள்ளட்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலோ இன்னும் கூடுதலாக, காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று சொல்கிறது.

நாம் உண்பது எவ்வளவு? 2017-18-ல் நாடு முழுவதும் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், 100-க்கு 98 பேர் இந்த ஐந்து பங்கை எட்டவில்லை. நம் சென்னையிலேயே வயது வந்தோரிடம் நடத்தி 2011-ல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில் சராசரி 265 கிராம் என்று கண்டார்கள். உடலுக்குக் கிடைத்த எரிசக்தியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி தீட்டிய அரிசி போன்ற தானியத்திலிருந்தே வந்ததாம். சோறு மலையாகவும், காய் அதன் அடிவாரத்தில் ஒரு கூழாங்கல்லாகவும் இருக்கிறது என்று பொருள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு நோயாளிகள் என்று 2023-ல் வெளியான பேராய்வு சொல்வதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சராசரி என்பது ஒரு திரை. அதை விலக்கினால்தான் யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர் விடியுமுன் பஸ் ஏறுகிறார். வழியில் டீயும் பன்னும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்குப் பரோட்டாவும் சால்னாவும். காய்கறி வண்டி தெருவுக்கு வரும்போது அவர் வீட்டில் இல்லை, அல்லது உறங்குகிறார். பல்லில்லாத முதியவருக்குக் கொய்யா கடிக்க முடியாது. அதை நறுக்கிக் குழைத்துக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. நீரிழிவுக்காரர் பழத்தை அறவே விட்டுவிட்டுச் சர்க்கரை போட்ட டீயை ஐந்து வேளை குடிக்கிறார். அளவோடு கொய்யாவும் பப்பாளியும் சாப்பிட மருத்துவர்கள் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.) இவர்கள் எல்லாரையும்விட நம் உள்ளத்தை உறுத்துவது, கடைசியில் உண்கிறவளின் தட்டுதான்.

நம் மஹல்லாவில் ஒரு சகோதரி அடிக்கடி தலைசுற்றி விழுந்தார். இரத்தம் குறைவு என்று சொன்ன டாக்டரம்மா, "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டாராம். அவர் சொன்ன பதிலை நம் வீட்டார் வந்து சொன்னபோது நாம் வாயடைத்துப் போனோம். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் போட்டு ஆணம் காய்ச்சியது அவர்தாம். காய்கள் கணவருக்கும் மாமியாருக்கும், பிள்ளைகளுக்கும் போயின. அவருக்கு மிஞ்சியது ஆணத்தின் தண்ணீரும் சோறும். வாழைப்பழம் இருந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்பார்கள் என்று தொடவில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த 53 பேரில் எத்தனை பேர் நம் வீட்டு அடுப்படியில் இருக்கிறார்கள்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இரண்டு பெண் குழந்தைகளோடு ஓர் ஏழைத் தாய் வந்ததும், வீட்டில் இருந்த ஒரே பேரீத்தம்பழத்தை அன்னையார் கொடுத்ததும், அத்தாய் அதை இரண்டாகப் பிளந்து மக்களுக்குக் கொடுத்துவிட்டுத் தான் உண்ணாமல் போனதும் நாம் பலமுறை கேட்ட வரலாறு. தாய்மையின் உயர்வைச் சொல்ல ஆலிம்கள் இதை எடுத்துரைப்பார்கள். ஆனால் அது ஒரே ஒரு பழம் இருந்த வீடு. ஆதரவற்று வந்த தாய். ஒரு சீப்புப் பழம் இருக்கும் வீட்டில், கணவன் உயிரோடு பக்கத்தில் அமர்ந்து உண்ணும்போது, மனைவி அந்தத் தாயைப்போல் வெறும் வயிறாய் எழுவதை ஸபுர் என்று புகழ்ந்து தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை.

ஏனெனில் இது பரிவு காட்டும் விஷயமன்று, கடன். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில் மனைவியின் நஃபகாவைப் பற்றிய பாடத்தைப் பாருங்கள். தானியம் கொடுத்துவிட்டால் கணவனின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அவ்வூர் வழக்கத்திலுள்ள தொடுகறியும் அவன்மீது வாஜிப், அது பருவத்துக்குப் பருவம் மாறும் என்று எழுதியிருக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் மாறும் பொருள் எது? காயும் கனியும் அல்லவா! கணவர் போதிய அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதை முறைப்படி எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்ததும் இந்த ஹக்கின் அடிப்படையில்தான். ஆகவே சகோதரரே, ஆணத்தில் காயைப் பகிரும்போது அகப்பையை ஒருநாள் நீங்கள் வாங்கிப் பாருங்கள். சட்டியில் என்ன மிஞ்சுகிறது என்பது அப்போது தெரியும்.

இதையெல்லாம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் இஷாவுக்குப் பின் பயானாகச் சொன்னோம். ஐந்து பங்கு, 400 கிராம் என்று விரல் மடக்கி விவரித்தோம். முடிந்ததும் கன்டெய்னர் யார்டில் கூலி வேலை செய்யும் ஒரு பாய் அருகில் வந்தார். "ஹஜ்ரத், நீங்க சொன்னது எல்லாம் சரிதான். எங்க வீட்ல ஆறு பேரு. ஆளுக்கு அஞ்சு பங்குன்னா முப்பது. வேலை இருந்தாத்தான் கூலி, அதுவும் வாரத்துல நாலு நாளு. கணக்கு நீங்களே போட்டுச் சொல்லுங்க" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

பிறகு தேடிப் படித்தபோது, அவர் கேட்டது உலகம் கேட்கும் கேள்வி என்று தெரிந்தது. இந்தியாவும் அடங்கிய 18 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியாயிற்று. வருமானம் குறைந்த நாடுகளில் மக்கள் உண்பது நாளுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல். செல்வ நாடுகளில் ஐந்துக்கு மேல். செல்வ நாட்டில் ஒருவருக்கு இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காயும் வாங்க, குடும்ப வருமானத்தில் அவருக்கு உரிய பங்கிலிருந்து 100-க்கு 2 ரூபாய்கூட ஆவதில்லை. ஏழை நாட்டிலோ 100-க்கு 52 ரூபாய்! சோம்பலாலும் நாக்குச் சுவையாலும் உண்ணாதவர் ஒரு கூட்டம்; விலையால் உண்ண முடியாதவர் வேறொரு கூட்டம். இரு கூட்டத்தாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஏசியது நம் பயானின் பிழை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததே, அந்த நாட்களில் இந்தப் பாய் வீட்டு ஆணம் எப்படி இருந்திருக்கும்? கொத்தவால் சாவடி இருந்த காலத்தில் மண்ணடி, ராயபுரம்வாசிகள் மாலையில் நடந்தே போய் மலிவாக அள்ளி வருவார்கள். 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போன பிறகு அந்த வசதியும் குறைந்தது.

எனவே அவருக்கு நாம் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஐந்தை எட்ட முடியாவிட்டால் இரண்டை மூன்றாக்கலாம். ஆப்பிளில்தான் சத்து என்ற மயக்கம் வேண்டாம். கொய்யாவில் இருக்கும் வைட்டமின் 'சி' ஆரஞ்சில் இருப்பதைவிடப் பல மடங்கு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது துணை செய்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து குறைந்து போகும். முருங்கைக் கீரையை அண்டை வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள். தெருப் புழுதியும் ஆலைத் தூசியும் படியும் பகுதி நம்முடையது, ஆகவே நாலு தண்ணீரில் அலசிவிட்டே அடுப்பில் ஏற்றுங்கள்.

மீதிக் கணக்கு அவருடையதன்று, வசதியுள்ள நம்முடையது. 'அன்ஆம்' வசனத்தில் உண்ணச் சொன்ன உடனே ஹக்கைக் கொடுக்கச் சொன்னான் அல்லவா? ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் உள்ளது. பழம் வாங்கினால் அண்டை வீட்டுக்கும் கொடு, இயலாவிட்டால் மறைத்துக் கொண்டு போ, உன் பிள்ளை அதை வெளியே எடுத்துச் சென்று அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏங்க வைக்க வேண்டாம் என்ற கருத்தில் ஒரு செய்தியும் பிரபலமாக இருக்கிறது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனாலும் சந்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஏக்கம் என்னவென்று தெரியும்.

பருவத்தின் முதல் கனி வந்தால் மக்கள் அதை நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வருவார்கள். பரகத்துக்காக துஆ செய்துவிட்டு, அங்கிருப்பவர்களில் ஆகச் சிறிய குழந்தையை அழைத்துக் கொடுத்துவிடுவார்கள். மாம்பழம் முதன்முதலாகக் கடைக்கு வரும்போது நம் கூடை யார் வீட்டு வாசலில் இறங்குகிறது? ஸதகா என்றால் அரிசியும் பணமும்தானா? மாதந்தோறும் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி மூட்டை கொடுக்கும் ஜமாஅத்துகள் அதோடு ஒரு கூடை காயும் சேர்த்தால், ஒரு நிக்காஹில் மீந்து குப்பைக்குப் போகும் பிரியாணிச் செலவுக்குள் அது அடங்கிவிடும்.

நம் ஜமாஅத்தில் ஒரு யோசனையை வைத்திருக்கிறோம். ரமலானில் நோன்புக் கஞ்சிக்காக 2001 முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுத்து வருகிறது. அந்தக் கஞ்சிக்கு அஸருக்குப் பின் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்பவர்களில் மாற்று மதத்துச் சகோதரர்களும் உண்டு; கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கேட்டுப் பெறும் கூச்சமில்லாமல் ஏழை பணக்காரர் எல்லார் வீட்டுக்கும் போகும் ஒரே உணவு அதுதான். அதில் காய் சேர்த்தால் என்ன? செல்வந்தர் ஒருவர் முப்பது நாளைக்கும் காரட், பீன்ஸ் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். கீரைக்கு இன்னும் ஆள் வரவில்லை. சிலர், கஞ்சியின் ருசி மாறிவிடும், மக்கள் முணுமுணுப்பார்கள் என்றார்கள். நாற்பது வருடமாகக் கஞ்சி காய்ச்சும் பாயைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, காரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கி அரிசி பாதி வெந்ததும் போடலாம், குழைந்து ஒன்றாகிவிடும், யாருக்கும் தெரியாது என்றார். முருங்கைக் கீரையை மட்டும் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவதற்குச் சற்று முன்னால்தான் போட வேண்டுமாம். அதை ஆய்ந்து கொடுக்க லுஹருக்குள் நாலு பேர் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.